நிற்கக் கூடாத சாலையிலே

இருப்புப்பாதையே இல்லாத நாட்டில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். அந்தமான் தீவுகளில் தண்டவாளம் இல்லை. திக்லிபூர் வரை பாதை போடும் யோசனை ஒன்று பேசப்பட்டதுண்டு, போடப்படவில்லை. அங்கே தண்டவாளத்தின் இடத்தில் இருப்பது அந்தமான் பெருஞ்சாலை. தெற்கே தலைநகரில் தொடங்கி, காட்டையும் கடற்காலையும் கடந்து, வடக்கே திக்லிபூர் வரை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் செல்லும் அச்சாலையை நம்பியே நம் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அச்சாலையில் நாம் செய்த பயணத்தைப் பற்றியும், அப்பயணம் நமக்குக் கற்பித்த ஒரு சிறு பாடத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். பாடம் தண்ணீரைப் பற்றியது. அதுவும் மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் ஓடும் தண்ணீரைப் பற்றியது.

நம் தமக்கையார் மணமாகி ரங்கத்தில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அத்தான் ஒரு டீசல் காரைக் கடனுக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். குடும்பம் முழுவதும் அந்த ஒரு வண்டியின் சக்கரத்தில்தான் உருளுகிறது. அவர்களுடைய கடைக்குட்டிக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்பது நம் வழக்கம். ஆதலின், சென்னையில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் அலைகளோடு போராடி, ஹாடோ துறையில் காலையில் வந்து இறங்கினோம். அந்நகர் அப்போது போர்ட் பிளேர் என்றே வழங்கியது; 2024ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. மறுநாள் விடியலில் முகூர்த்தம். ரங்கம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அத்தான் மூத்த பையனையும் அழைத்துக்கொண்டு வண்டியோடு துறைக்கே வந்து காத்திருந்தார்.

புறப்படுமுன் அத்தான் முன்மூடியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் குடத்திலிருந்து சிறிது தண்ணீர் வார்த்தார். எட்டிப் பார்த்தோம். பக்கத்திலிருந்த சிறு தொட்டியில் நீர் செங்காவி நிறமாக, கலங்கிய குளத்து நீர்போலக் கிடந்தது. "வாரத்துக்கு ஒருமுறை ஒரு சொம்பு குடிக்கும் தம்பி, வேறு தொல்லை இல்லை" என்றார் அத்தான். அது கிணற்று நீர்.

நம் தகப்பனார் இளமையில் நீராவி என்ஜினில் ஃபயர்மேனாக உழைத்தவர். அவர் காலமான பின், கருணை அடிப்படையில், மெட்ரிகுலேஷன் தேறியிருந்த நமக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் டீசல் என்ஜின் கொட்டகை ஒன்றின் அலுவலகத்தில் எழுதுவேலை பார்த்தோம். ஆகவே, என்ஜினைத் தொட்டுப் பழுது பார்க்கத் தெரியாவிட்டாலும், செங்காவித் தண்ணீர் என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரியும். உள்ளே இரும்பு துருப்பிடித்துக் கரைகிறது என்று சொல்கிறது. வாரம் ஒரு சொம்பு குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றும் சொல்கிறது. தெரிந்தும் நாம் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் பார்க்கும் மைத்துனன், வந்ததும் வராததுமாக அத்தானுக்கு வண்டிப் பாடம் நடத்துவதா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையை மாலைக்குள் கண்டோம்.

தீவைச் சுற்றிக் கடல் இருந்தும் அங்கே நன்னீருக்குப் பஞ்சம் உண்டு என்பது வெளியூர் அன்பர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் மழை பெய்யும் நாடுதான். எனினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பொய்க்கும். தலைநகருக்குப் பெரும்பாலும் தனிக்காரி அணை நீரே ஆதாரம். கோடையில் குழாயில் நீர் வருவது நாள் கணக்கில் தள்ளிப் போகும். வீடுகளில் தகரக் கூரை மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைப்பார்கள். இப்படி நீரை அளந்து செலவிடும் ஊரில், கார் குடிக்கும் நீர் எத்தகையது என்று எவர் ஆராயப் போகிறார்?

நகரைத் தாண்டிப் பாக்குத் தோப்புகளையும் வயல்களையும் கடந்து ஜிர்க்காடாங் சாவடியை அடைந்தோம். அங்கே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அப்பால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவாப் பழங்குடி மக்களின் காப்புக்காடு. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவர்கள் நிலத்தைக் காக்கிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவலர் துணையோடு, வண்டிகள் அணியாகவே செல்லவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது, முந்தலாகாது, படம் பிடிக்கலாகாது, எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. இவ்விதிகள் வெறும் கெடுபிடி அல்ல. ஜாரவா மக்கள் சில நூறு பேரே. வெளியுலகின் நோய்கள் அவர்கள் உடலுக்குப் பழக்கமில்லாதவை. 1999இல் தட்டம்மை அவர்களிடையே பரவித் துன்புறுத்தியது. நாம் ஓரிடத்தில் நின்று இருமுவதுகூட அவர்களுக்கு ஊறாகலாம் என்பதை நினைக்கையில், அச்சாலையில் நிற்காமல் போவது சட்டம் மட்டுமன்று, அறமும் ஆகும்.

நண்பகலில் அணி புறப்பட்டது. இருபுறமும் வானை மறைக்கும் மரங்கள். ஏற்றமும் வளைவுமான பாதை. முன்னே ஒரு பேருந்து மெல்ல ஊர்ந்தது. காற்று முகத்தில் அடிக்கும் வேகம் இல்லை. பாதித் தொலைவு கடந்திருப்போம். வெப்பமானியின் முள் நடுக்கோட்டை விட்டு மேலேறியது. அத்தான் முகம் வாடியது. "தம்பி, ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்தட்டுமா?" என்றவர், தாமே தலையை அசைத்து, "இங்கே நிறுத்தக்கூடாதே" என்று முடித்தார். பின்னால் பதினைந்து இருபது வண்டிகள். ஓட்டினால் என்ஜின் போகும். நிறுத்தினால் சட்டமும் மானமும் போகும். கடன் இன்னும் இரண்டாண்டு பாக்கி.

அப்போதுதான் நம் வாய் திறந்தது. குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னோம். சூட்டுக் காற்றை முழு அளவில் திறந்து, விசிறியை உச்சத்தில் வைக்கச் சொன்னோம். வண்டிக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சிறு கலன் ஒன்று உண்டு. அதுவும் ஒரு ரேடியேட்டரே. என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது நம் முகத்தில் கொட்டிவிடும். பிப்ரவரி வெயிலில், அந்தமான் புழுக்கத்தில், அடுப்பங்கரையில் உட்கார்ந்ததுபோல் வியர்த்து வழிந்தோம். பையன், "மாமா, வேகுது" என்று அழுதான். முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, மேட்டில் என்ஜினை அலறவிடாமல் மெல்லச் சென்றார் அத்தான். முள் சிவப்புக் கோட்டை எட்டாமல் ஒரு மயிரிழையில் நின்றது. இருபது கிலோமீட்டர் போவதற்குள் இருபது ஆண்டு மூத்தோம்.

நடு நீரிணைத் துறையில் வண்டியை நிறுத்தியதும் மூடியின் இடுக்கில் ஆவி சீறியது. அத்தான் துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பாய்ந்தார். அவர் கையை இறுகப் பற்றினோம். மரியாதை பார்க்கும் நேரமன்று. நம் தகப்பனாரின் வலக்கையில் முழங்கை வரை ஒரு வெந்த தழும்பு இருந்தது. ஆவியின் குணம் அறிந்த அவரையே ஆவி ஒருநாள் தீண்டியது. நீர் திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அழுத்தம் தாங்கும் மூடிக்குள் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு, அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பாயும். இதைச் சொன்னதும் அத்தான் கை தளர்ந்தது.

முக்கால் மணி காத்திருந்தோம். பையன் ஓடிவந்து, "மாமா, இவ்வளவு தண்ணீர் இருக்கே, ஒரு வாளி கொண்டுவரவா?" என்று நீரிணையைக் காட்டினான். குழந்தையின் கேள்வி நியாயமானதே. ஆனால் கடல்நீரின் உப்பு, அலுமினியத்தையும் இரும்பையும் புழுப்போல் துளைத்துவிடும். அதை வார்ப்பதைவிட இழுவை வண்டிக்குக் காத்திருப்பதே மேல். துறையில் கடை வைத்திருந்த ஓர் அம்மையார் நம் பேச்சுக் கேட்டுத் தமிழர் என்றறிந்து, குடிநீர்ப் புட்டிகள் நான்கைத் தந்து காசு வாங்க மறுத்தார். நன்றாக ஆறிய பின் மூடியை மெல்லத் திறந்து, அந்நீரைச் சிறிது சிறிதாக வார்த்தோம். அடுத்த மிதவைப் படகில் வண்டியை ஏற்றி, பாராடாங், கடம்தலா வழியாக, நின்று நின்று, இரவு பதினோரு மணிக்கு ரங்கம் சேர்ந்தோம். தமக்கையார் வாசலிலேயே நின்றிருந்தார். விடியலில் குழந்தை நம் மடியில் அமர்ந்து வீறிட்டழ, காதில் பொன் ஏறியது.

நிற்க. விழா முடிந்த மறுநாள் ஊர்ப் பட்டறையில் வண்டியைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்த காரணங்கள் மூன்று. முதலாவது, கீழ் ரப்பர்க் குழாயில் மெல்லிய வெடிப்பு. இரண்டாவது, ரேடியேட்டரின் குழல்களில் பாதி, சுண்ணப் படிவும் துருச்சேறும் அடைத்துக் கிடந்தன. மூன்றாவது, தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வாயிலே காணோம். ஏதோ ஒரு பட்டறையில், "சூடான நாட்டுக்கு இது எதற்கு?" என்று முன்பே கழற்றி எறிந்துவிட்டார்களாம். இவ்வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு, தவறான வழக்கம். அவ்வாயில் என்ஜின் ஏறத்தாழ 85 பாகைக்குச் சூடேறும் வரை நீரை உள்ளேயே சுழலவிட்டு, பின்பு திறப்பது. அது இல்லையேல் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, எண்ணெயைக் குடித்துத் தேய்மானமும் அடையும். சிலவகை என்ஜின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பி, சூடும் மிகும்.

இனி, கூலண்ட் என்னும் குளிர்விப்பு நீர் எதனால் ஆனது, எப்படித் தேர்வது என்பதைச் சுருக்கிச் சொல்வோம். அதன் மூலப்பொருள் எத்திலீன் கிளைக்கால் என்னும் பாகு போன்ற திரவம். குளிர்நாடுகளில் முன்பு நீர் உறையாதிருக்க ஆல்கஹால் கலந்தனர். அது ஆவியாகிப் போயிற்று. 1920களின் பிற்பகுதியில் கிளைக்கால் கடைக்கு வந்தது. நீரும் அதுவும் சரிபாதி கலந்தால் −37 பாகை வரை உறையாது. அந்தமானில் உறைபனி ஏது என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. நமக்கு அதன் பயன் வேறு இரண்டு. அக்கலவையின் கொதிநிலை சாதாரணமாக 107 பாகையை ஒட்டி இருக்கும். அழுத்த மூடிக்குள் 130ஐ நெருங்கும். இரண்டாவதும் பெரியதுமான பயன், அதில் சேர்த்துள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகள். சூட்டைச் சுமப்பதில் நீரே சிறந்தது. ஆனால் வெறும் நீர் தான் ஓடும் பாதையையே தின்னும். ஆகவே நீர் சுமக்க, மருந்து காக்க, இரண்டும் கூடி வேலை செய்கின்றன. கிளைக்காலை நீரின்றித் தனியே ஊற்றினால் மேலும் நல்லது என்று எண்ணலாகாது. சூட்டை எடுக்கும் திறன் குறைந்துவிடும்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று வாங்கும் நிறத்தில் பொருளில்லை. நிறம் சாயமே, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி கலக்கிறது. உள்ளிருக்கும் மருந்தே வேறுபடுவது. சிலிக்கேட் முதலிய பழைய வகை ஏறத்தாழ இரண்டாண்டு உழைக்கும். கரிம அமில வகை ஐந்தாண்டு வரை உழைக்கும். இரண்டும் சேர்ந்தது கலப்பு வகை. ஒன்றோடொன்று கலந்தால் மருந்தின் ஆற்றல் கெடும். சில சமயம் கூழாகத் திரளும். ஆகவே வண்டியோடு தந்த கையேட்டில் எந்த வகை, எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுக. புட்டியில் இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 5759 இருக்கிறதா என்று பார்க்க. "அப்படியே ஊற்றுக" என்று எழுதிய புட்டியில் நீர் சேர்க்கலாகாது. செறிவுள்ளதாயின் நீர் சேர்த்தே ஆகவேண்டும்.

சேர்க்கும் நீர், பாட்டரிக்கு வார்ப்பதுபோன்ற வாலை வடித்த நீராக, அல்லது கனிம உப்பு நீக்கிய நீராக இருக்கவேண்டும். "மழைநீர் ஆகாதா?" என்று தமக்கையார் கேட்டார். கிணற்று நீரைவிட மென்மையானதே. எனினும் தீவில் பெய்யும் மழை கடற்காற்றின் உப்பைச் சுமந்து, தகரக் கூரையின் துத்தநாகத்தையும் துருவையும் கழுவிக்கொண்டு வருகிறது. அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்கு ஆகாது. நீராவி என்ஜின் காலத்தில் ஊருக்கு ஊர் நீரைச் சோதித்து, கடின நீருள்ள இடங்களில் மென்மையாக்கி, குறித்த நாளில் கொதிகலனைக் கழுவினார்கள். கலத்தில் நீர் குறைந்தால் உருகி எச்சரிக்க ஓர் ஈயத் திருகு வைத்திருந்தார்கள். இன்றைய டீசல் என்ஜினிலும் உப்பு நீக்கிய நீரில் மருந்து கலந்து ஊற்றி, மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் என்ஜின் தானே நிற்கிறது. இத்தனை காவல் பெரிய என்ஜினுக்கு வேண்டுமென்றால், ஆறு லிட்டர் நீரில் உயிர் வாழும் சிறு காருக்கு வேண்டாமா?

ரங்கத்தில் செய்ததைச் சொல்கிறோம். ஆறிய என்ஜினிலிருந்து பழைய நீரைத் தொட்டியில் வடித்தோம். தூய நீர் விட்டு ஓட்டி வடிப்பதை, நிறமின்றி வரும் வரை நான்கு முறை செய்தோம். கடைசி முறை வாலை நீர். புதிய தெர்மோஸ்டாட், புதிய ரப்பர்க் குழாய், புதிய மூடி. கழுவிய நீர் உள்ளே சிறிது தங்கியிருக்குமாதலால், ஆறு லிட்டர் வண்டிக்கு முதலில் செறிவுக் கூலண்ட் மூன்று லிட்டரையும் ஊற்றி, மிச்சத்தை வாலை நீரால் நிரப்பினோம். பின்பு, மூடி திறந்தபடி என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். வடித்த பழைய நீர் கழியிலோ சாக்கடையிலோ சேராதபடி பட்டறைக்காரரே பீப்பாயில் வாங்கிக்கொண்டார். இதில் கவனம் மிக வேண்டும். கிளைக்கால் நாவுக்கு இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தையும் நாயும் சுவைத்துச் சிறுநீரகம் கெட்டு மாளக்கூடும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது கொடுமைக்கு வழி.

இனி மாதந்தோறும் செய்யவேண்டியது சொற்பமே. ஆறிய என்ஜினில் தொட்டி நீர் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று காண்க. துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ தென்படுகிறதா என்று காண்க. ரப்பர்க் குழாயை அமுக்கிப் பார்க்க. ரேடியேட்டரின் முன்பக்கத்தில் படியும் கடலுப்பையும் புழுதியையும் நன்னீரால் மெல்லக் கழுவுக. நீர் அடிக்கடி குறைந்தால் ஊற்றி ஊற்றி மறைக்காமல், கசிவைத் தேடுக.

குமாஸ்தாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு, அது பேரேடு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஓடிய தூரம், நீர்மட்டம், வார்த்த அளவு என்று கட்டம் போட்டு அத்தானிடம் தந்தோம். "இது எதற்கு, எனக்கு நினைவிருக்குமே" என்று சிரித்தார். "நினைவு ஒரு சொம்பு வார்க்கும் அத்தான், எழுத்துத்தான் ஏன் குறைந்தது என்று கேட்கும்" என்றோம். மைத்துனனின் முதல் அறிவுரையை அவர் கோபிக்காமல் வாங்கிக்கொண்டார். காலையிலேயே சொல்லியிருந்தால் துறையில் அந்த முக்கால் மணியும், காட்டில் அந்த நடுக்கமும் இல்லை என்ற எண்ணம் நம்மை இன்றும் உறுத்துகிறது.

அயலூரில் வாழும் நம் குடும்பங்களுக்குள் இத்தகைய கூச்சம் மிகுதி. பார்த்ததைச் சொன்னால் உறவு நோகுமோ என்று அஞ்சுகிறோம். சொல்லாதுவிட்டால் உறவே நடுக்காட்டில் நிற்கிறது. இவ்வாண்டுத் தொடக்கத்தில் தமக்கையார் எழுதிய கடிதத்தின் கீழே மூத்த பையன் இரண்டு வரி சேர்த்திருந்தான்: "மாமா, தண்ணீர்க் கணக்கை இப்போது நான்தான் எழுதுகிறேன். ஓராண்டாக ஒரு சொம்பும் குறையவில்லை." அக்கடிதத்தை அலுவலக மேசையின் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறோம்.